கார்டி போட்டாச்சா?

எல்க் ரிட்ஜ், விஸ்கான்சின்
பிப்ரவரி 9, 1986

அன்புத் தம்பி நெல்ஸுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் குளிருக்கு முனகுகிறது. அலாஸ்காவில் உட்கார்ந்திருப்பவனிடம் குளிரைப் பற்றிப் புலம்பினால் சிரிப்பாய். உன் இருமல் எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். கார்டி போன ஜூலையில் தானே கட்டிய விமானத்தோடு விழுந்து செத்தபோது, என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் மின்சாரப் பம்ப்பின் சுவிட்ச் அணைந்திருந்தது என்று விசாரணைக்கு வந்தவர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வெர்னன் ஸ்கார் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்: "பாவம் கார்டி, பம்ப்பைப் போட மறந்துட்டான்." வெர்னனை உனக்குத் தெரியும். கார்டியோடு சேர்ந்து அந்த விமானத்தைக் கட்டினவன். விமானம் கட்டுவோர் சங்கத்தில் அவன் வைத்ததுதான் சட்டம்.

இந்த மாதக் கூட்டத்துக்கு அவன் மஞ்சள் ஸ்டிக்கர் அச்சடித்துக் கொண்டுவந்தான். 'கார்டி' என்று மட்டும் போட்டிருக்கிறது. ஆளுக்கொன்று பம்ப் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம், மறக்காமல் இருக்க. நேற்று விமானத் திடலில் காபி குடிக்கப் போனேன். கிளம்பத் தயாராக நின்ற ஒருத்தனைப் பார்த்து இன்னொருத்தன் கத்துகிறான்: "என்னடா, கார்டி போட்டாச்சா?" "போட்டாச்சு, போட்டாச்சு!" ஒரே சிரிப்பு. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பினால் அடுப்பை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற மனுஷன் என் புருஷன். அவன் பெயர் இன்றைக்கு மறதிக்குப் பெயர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நீ விமான மெக்கானிக், எனக்கு ஒன்று சொல். என்ஜினோடு சேர்ந்து ஓடும் பம்ப் ஒன்று, அது கைவிட்டால் காப்பாற்ற மின்சாரப் பம்ப் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் பெட்ரோல் தராமல் போகுமா? விழுந்த விமானம் நம் மாட்டுத் தொழுவத்தில்தான் கிடக்கிறது. எதைப் பார்க்கச் சொல்கிறாயோ பார்க்கிறேன்.

மீனையே தின்று கிடக்காதே.

ஆர்டிஸ்


டில்லிங்ஹாம், அலாஸ்கா
பிப்ரவரி 24, 1986

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது, சளி வந்திருக்கிறது. ஒன்று போனால்தானே இன்னொன்றுக்கு இடம். உன் முழங்காலுக்குக் கம்பளி சுற்று.

நீ கேட்டதற்குப் பதில்: போகும். தாராளமாகப் போகும். பம்ப் தள்ளுவதில் வீரன், உறிஞ்சுவதில் சோம்பேறி. உங்கள் விமானத்தில் டேங்க் இறக்கையில், கீழே. என்ஜின் மேலே. மின்சாரப் பம்ப்பை டேங்குக்குப் பக்கத்தில் தாழ வைத்தால் பெட்ரோலை ஜோராகத் தள்ளிவிடும். என்ஜின் பக்கம் உயரத்தில் மாட்டினால் அது கீழிருந்து உறிஞ்ச வேண்டும். வெயில் நாளில், என்ஜின் சூட்டில், அப்படி உறிஞ்சும் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். ஆவியை வைத்துக்கொண்டு பம்ப் என்ன செய்யும்? வெறுமனே அடித்துக்கொள்ளும். இரண்டு பம்ப்புக்கும் ஒரே குழாய் என்றால் இரண்டும் சேர்ந்தே பட்டினி. அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

பம்ப் எங்கே இருக்கிறது என்று பார். யார் மாட்டியது? எப்படிச் சோதித்தார்கள்? டேங்கில் கொஞ்சமாக வைத்து, மூக்கை நன்றாகத் தூக்கிச் சோதித்தார்களா?

தம்பி நெல்ஸ்


எல்க் ரிட்ஜ்
மார்ச் 11, 1986

அன்பு நெல்ஸுக்கு,

சளி தேவலையா? இங்கே இன்னும் பனி உருகவில்லை. நான் சௌக்கியம். உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து கூடுதல் சௌக்கியம்.

பம்ப் மேலேதான் இருக்கிறது. என்ஜினுக்கும் விமானிக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரில், என்ஜின் பக்கம், நெஞ்சு உயரத்தில். மாட்டினவன் வெர்னன். அப்போது நானும் அங்கே நின்றிருந்தேன். "கீழ வெச்சா குனிஞ்சு குனிஞ்சு முதுகு ஒடிஞ்சுபோவும் கார்டி. மேல வெச்சா கைக்கு எட்டும்" என்றான்.

சோதித்தது போன வருஷம் ஜனவரியில், மூடின கொட்டகைக்குள். பேசினால் வாயிலிருந்து புகை வருகிற குளிர். டேங்க் நிறைய பெட்ரோல். வாலை ஒரு குழிக்குள் இறக்கி, ஏறும்போது மூக்கு எவ்வளவு தூக்குமோ அவ்வளவு தூக்கிப் பார்க்க வேண்டும் என்று கார்டி சொன்னான். வெர்னன் காலால் தரையை உதைத்துக் காட்டினான்: "இரும்பாட்டம் உறைஞ்சு கெடக்கு. எவன் தோண்டறது? உன் பொண்டாட்டியைக் கூப்பிடவா?" எல்லோரும் சிரித்தார்கள். குழி தோண்டவில்லை. பனி உருகட்டும், காத்திருப்போம் என்றான் கார்டி. "வசந்தத்துல பறக்கணுமா, வசந்தத்துல குழி தோண்டணுமா?" என்றான் இவன். பம்ப்பைப் போட்டார்கள், வாளி நிரம்பியது, கைதட்டினார்கள், பிராந்தியைத் திறந்தார்கள். அவ்வளவுதான் சோதனை.

அதே வரைபடத்தை வைத்து இப்போது வெர்னன் தனக்கென்று ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறான்.

நான் இந்தப் பம்ப்பைக் கழற்றி நானே சோதிக்கப் போகிறேன். கோழிக்குஞ்சுக்கு வைக்கிற சூட்டு விளக்கு இருக்கிறது, அதைக் குழாய்மேல் வைத்தால் போதாதா?

ஆர்டிஸ்


டில்லிங்ஹாம்
மார்ச் 29, 1986

அக்கா,

நலம் எல்லாம் அப்புறம். பெட்ரோலுக்குப் பக்கத்தில் சூட்டு விளக்கா? உனக்கென்ன பைத்தியமா? தொழுவத்தோடு எரிந்துபோவாய். வெயில் வரும்வரை பொறு. வெட்டவெளியில் வை, குழாய்க்குக் கறுப்புப் பூச்சு அடித்துக் காயவிடு, சூரியன் மிச்சத்தைச் செய்யும். கையில் மண்வாளி வைத்துக்கொள். சிகரெட் பிடிக்கிறவன் எவனையும் பக்கத்தில் விடாதே.

முடிவு தெரிந்ததும் சங்கத்தில் போட்டு உடை. கார்டி பெயர் மீளும்.

நெல்ஸ்


எல்க் ரிட்ஜ்
மே 18, 1986

அன்பு நெல்ஸுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன், முழுசாக இருக்கிறேன். நீயும் நலம்தானே?

ஏணியில் பம்ப்பைக் கட்டி, தரையில் கால்வாசி டேங்க் பெட்ரோல் வைத்து, கறுப்புக் குழாயை மதியம் வரை வெயிலில் காயவிட்டேன். நல்ல வெயில். சுவிட்சைப் போட்டேன். முதலில் கொட்டியது. பிறகு திக்கியது. பிறகு பம்ப் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது, வாளியில் ஒரு சொட்டு விழவில்லை. அவிழ்த்துத் தரையில், டேங்குக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்சம் இருமிவிட்டுக் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

புல்லில் உட்கார்ந்து அழுதேன். அவன் சுவிட்சைப் போட்டிருப்பான் நெல்ஸ். போட்டுப் பார்த்திருப்பான், அணைத்துப் பார்த்திருப்பான், மறுபடி போட்டிருப்பான். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அது போகிற வழியாக இல்லை.

வெர்னன் நேற்று வந்தான். அவன் விமானம் முடியப்போகிறதாம். ஜூலையில் சங்கம் ஊருக்கே பான்கேக் போடுகிற காலை விருந்து இருக்கிறதல்லவா, அன்று எல்லோர் முன்னாலும் முதல் பறப்பு. "ஆர்டிஸ், உன் கையால சீட்டுக்கு உறை தெச்சுக் குடேன். கார்டிக்கு மரியாதை செஞ்சாப்பல இருக்கும்" என்றான். சரி என்றேன். அளவெடுக்கப் போனபோது பார்த்தேன். அதே தகரச் சுவர், அதே உயரம், அதே பம்ப். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆர்டிஸ்


டில்லிங்ஹாம்
ஜூன் 1, 1986

அன்புள்ள அக்கா,

நான் நலம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சோதனையை நீ செய்திருக்கும் விதத்துக்கு என் முதலாளியே உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்வார்.

ஆனால் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. வெர்னனிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் எப்போது சொல்லப் போகிறாய்? சங்கக் கூட்டத்திலா? அதுவரை வைத்திருக்கிறாய் என்றால் சரி. ஜூலையில் அங்கே என்ன வெயில் அடிக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுது.

நெல்ஸ்


எல்க் ரிட்ஜ்
ஜூன் 10, 1986

அன்பு நெல்ஸுக்கு,

நலம், நலமே விழைகிறேன். இந்த வருஷம் ஸ்ட்ராபெரி கொள்ளையாகக் காய்த்திருக்கிறது, ஜாம் போட்டு ஒரு பாட்டில் அனுப்புகிறேன். தேவாலயத்துக்குப் புதுப் பாதிரியார் வந்திருக்கிறார், பாவம், குரலே எழும்பவில்லை. சீட்டு உறை தைத்து முடித்துவிட்டேன். நீல நிறம், ஓரத்தில் வெள்ளை நூல். வெர்னன் மனைவி மார்லிஸ் பார்த்துவிட்டுக் கண் கலங்கினாள்: "எங்க ஆளுக்கு நீ செய்யற இதுக்கு நாங்க என்ன கைம்மாறு செய்யப்போறோம் ஆர்டிஸ்?" என்றாள்.

விருந்தன்று நல்ல வெயில் அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்.

ஆர்டிஸ்


டில்லிங்ஹாம்
ஜூன் 20, 1986

அக்கா,

கடைக்காரர் போனிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டேன். "அக்கா, வெர்னன்கிட்ட" என்று தொடங்கினால் வைத்துவிடுகிறாய்.

அவன் வாயாடி, கர்வி, பொறுப்பில்லாதவன். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். கார்டி எனக்கும் வேண்டியவன்தான், முதன்முதலாக என்னை ஆகாயத்துக்குக் கூட்டிப்போனவன். ஆனால் நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் வேறு. மார்லிஸ் உனக்கு என்ன கெடுதல் செய்தாள்? உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சொல்லிவிடு.

நெல்ஸ்


எல்க் ரிட்ஜ்
ஜூன் 29, 1986

நெல்ஸ்,

வெளிப்படையாகக் கேட்டாய், வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆமாம். சொல்ல மாட்டேன்.

அவன் கையால் மாட்டிய பம்ப். அவன் பார்த்துப் போதும் என்ற சோதனை. நான் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. முதல் பறப்பில் ஓட்டுகிறவன் மட்டும்தான் ஏற வேண்டும் என்பது சட்டம், ஆகவே வேறு எவருக்கும் சேதமில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்றால் நடுவில் குறுக்கே விழ நான் யார்? டேங்க் கால்வாசி இருக்கும்போது, வெயிலில், மூக்கைத் தூக்கி ஏறட்டும். என்ஜின் திக்கும்போது சுவிட்சைத் தட்டட்டும். அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் என் புருஷன் பெயர் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே விழட்டும். விழுந்த பிறகு சுவிட்ச் போட்டபடி இருக்கும். அப்போது ஊரார் சொல்லட்டும், எவன் எதை மறந்தான் என்று.

மார்லிஸை நினை என்கிறாய். நினைக்கிறேன். என்னை எவள் நினைத்தாள்? "கார்டி போட்டாச்சா" என்று அவளும்தான் சிரித்தாள்.

இதைப் பற்றி இனி ஒரு வரி எழுதினாலும் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

ஆர்டிஸ்


டில்லிங்ஹாம்
ஜூலை 6, 1986

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி அதைப் பற்றி எழுதவில்லை. ஆற்றில் சால்மன் மீன் ஏறத் தொடங்கிவிட்டது. விமானங்களுக்கெல்லாம் ஓயாத வேலை, எனக்கும்தான். ஜாம் வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறது, சர்க்கரைதான் கொஞ்சம் குறைவு.

நெல்ஸ்


எல்க் ரிட்ஜ்
ஜூலை 21, 1986

நெல்ஸ்,

நீ நலமாகத்தான் இருப்பாய். நல்ல காரியம் செய்தவர்களுக்கு வயிறும் தூக்கமும் கெடுவதில்லை.

நேற்று விருந்து. விடிந்ததும், மாவு கரைக்கிறவர்கள் வருவதற்கு முன்னால், நான் வெர்னனின் கொட்டகைக்குப் போனேன். கதவைப் பூட்டுகிற வழக்கம் இங்கே எவனுக்கும் இல்லை. என்ஜின் மூடியைத் திறந்தேன். தகரச் சுவரில் பம்ப் இல்லை. அது இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகளை அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தது. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. உள்ளே குனிந்து பார்த்தால் பம்ப் இறக்கை ஓரத்தில், தரையோடு தரையாக, நான் நீல உறை தைத்த இருக்கைக்குக் கீழே இருக்கிறது. வெளியில் வந்து பார்த்தேன், கொட்டகைக்குப் பின்னால் வால் சக்கரம் இறங்குகிற அளவுக்கு ஒரு குழி. ஜூலையில் தரை மெத்தென்று இருக்கிறதல்லவா, தோண்டியிருக்கிறான். ஒழுங்காகச் சோதித்திருக்கிறான். எல்லாம் எவருக்கும் தெரியாமல்.

ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவனுக்குத் தெரியும். தெரிந்து, தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு, கார்டியை மறதிக்காரனாகவே விட்டுவைத்திருக்கிறான். என்ன செய்ய வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். மூடியைப் பழையபடி மூடிவிட்டு மாவு கரைக்கப் போனேன்.

நீ வேண்டிக்கொண்டாயோ இல்லையோ, வெயில் கொளுத்தியது. ஊரே வந்திருந்தது. மார்லிஸ் என் பக்கத்தில் நின்று பான்கேக் திருப்பிக்கொண்டிருந்தாள், கொட்டகைப் பக்கமே பார்த்து இரண்டைக் கருகவிட்டாள். வெர்னன் ஏறினான், சுற்றினான், வெண்ணெய் மாதிரி இறங்கினான். கைதட்டல். "கார்டி போட்டேன்டா!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கரண்டியோடு முன்னால் போனேன். "வெர்னன், ஒண்ணு கேக்கட்டுமா? பம்ப்பை எதுக்குக் கீழ எறக்கினே?"

சிரிப்பு நின்றது. "அதுவா? எடையைச் சரி பண்றதுக்கு" என்றான்.

"அப்படியா? அப்ப அந்தப் பழைய எடத்துலயே மறுபடி மாட்டு. என்ஜின் இப்ப சூடாத்தான் இருக்கு. குழியும் தோண்டி வெச்சிருக்கே. வாலை எறக்கு, வாளியை நான் புடிக்கிறேன். எவ்வளவு பெட்ரோல் வருதுன்னு எல்லாரும் பாக்கட்டும். கார்டியோடதும் அதே எடத்துலதானே இருந்துச்சு?"

அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் சொந்தக் கையால் விமானம் கட்டினவர்கள். நான் சொன்னது புரிய அவர்களுக்கு நேரமாகவில்லை. சங்கத் தலைவர் டெல்பர்ட் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "சொல்லேன் வெர்னன். எதுக்கு எறக்கினே?"

தவளை தன் வாயால் கெடும். பேசாமல் நின்றிருந்தால்கூடத் தப்பித்திருப்பான். அவனுக்கு என்மேல் வந்த கோபத்தில் கொட்டிவிட்டான். "ஏன் எறக்கினேனா? இவ தம்பி அலாஸ்காலேர்ந்து எழுதினான், எறக்கலேன்னா கார்டி மாதிரி நீயும் விழுவேன்னு! இவளுக்கு மே மாசமே தெரியும்னும் எழுதினான். தெரிஞ்சும் வாயைத் தொறக்கல. எனக்கு உறை தெச்சுக் குடுத்துட்டு, நான் சாகறதைப் பாக்கக் காத்துட்டிருந்திருக்கா! கேளுங்க அவளை!"

ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. டெல்பர்ட் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கார்டி ஒண்ணும் மறக்கலை" என்றார். டெல்பர்ட் பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு தன் விமானத்துக்குப் போய் ஸ்டிக்கரைச் சுரண்டினார். பின்னாலேயே ஒவ்வொருத்தராகப் போனார்கள். வெர்னன் நடுத்திடலில் தனியாக நின்றான். கைகொடுக்க ஒரு ஆள் போகவில்லை. இனி அவன் மாட்டிய ஒரு திருகாணியைக்கூட எவனும் நம்ப மாட்டான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தித்தித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு மார்லிஸ் வந்தாள். "காலையிலேர்ந்து என் பக்கத்துலதானே நின்னே ஆர்டிஸ்?" என்றாள்.

விடியற்காலையிலேயே பம்ப்பைப் பார்த்துவிட்டேன், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் நின்றேன் என்று சொல்லியிருக்கலாம். "ஆமா" என்று மட்டும் சொன்னேன். அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

கார்டி பெயர் மீண்டது. அதில் உனக்கும் பங்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நீ நன்றியை எதிர்பார்ப்பாய். எதிர்பார்க்காதே.

நேற்று விடியற்காலையில் நான் அந்தக் கொட்டகைக்கு எதற்குப் போனேன் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பம்ப் பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளப் போனேனா? இல்லை, வெர்னன் வந்ததும் அவன் சட்டையைப் பிடித்து, "ஏறாதடா" என்று சொல்லப் போனேனா? மூடியில் கை வைக்கும்போது எனக்குத் தெரியவில்லை. திறந்த பிறகு தெரிந்துகொள்ள வழியில்லாமல் போய்விட்டது. உனக்கு மட்டும் தெரிந்திருந்தது. உன் அக்கா சொல்ல மாட்டாள் என்று நீ முடிவே கட்டிவிட்டாய். கட்டி, அதை எழுதி, வெர்னன் ஸ்காருக்குத் தபாலில் அனுப்பினாய்.

நீ நினைத்தது சரியாகவே இருக்கலாம். அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நானாக எழுதும்வரை எனக்கு எழுதாதே.

ஆர்டிஸ்